இடது கைக்கு வேலை கொடுங்கள்: சார்ட்டில் கோடு போடும் ஷார்ட்கட்கள்

பங்கு விலைச் சார்ட்டில் ஒரு டிரெண்ட் லைன் (விலை போகும் திசையைக் காட்டும் சாய்கோடு) போட எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால், இரண்டு கிளிக் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நடப்பது வேறு. விலை ஒரு லோவை, அதாவது தாழ்ந்த மட்டத்தை, தொட்டுத் திரும்புவதைப் பார்க்கிறீர்கள், மவுஸை இடது ஓரத்துக் கருவிப்பட்டைக்கு நகர்த்துகிறீர்கள், அங்கே போன முறை எடுத்த வேறு ஏதோ கருவி ஐகானில் உட்கார்ந்திருக்கிறது, பக்கத்திலிருக்கும் சின்ன அம்புக்குறியை அழுத்திப் பட்டியலைத் திறந்து, தேடி எடுத்துக்கொண்டு திரும்பி வருவதற்குள் எந்த கேண்டிலின் (ஒரு கால அளவின் விலை நகர்வைக் காட்டும் கட்டை) லோவைப் பார்த்தோம் என்பதே மறந்துபோகிறது. நொடிகள் மிச்சமாவது இருக்கட்டும், கண் விலையை விட்டு நகராமல் இருக்கிறதே, அதற்காகத்தான் ஷார்ட்கட் பழகச் சொல்கிறேன்.

இங்கே சொல்வதெல்லாம் டிரேடிங்வியூ என்ற சார்ட் தளத்தை வைத்து. கடைசியில் மெட்டாடிரேடர் என்ற டிரேடிங் மென்பொருள் பற்றியும் கொஞ்சம். விண்டோஸ் கீபோர்டை மனதில் வைத்து எழுதுகிறேன், மேக் வைத்திருப்பவர்கள் ஆல்ட்டுக்குப் பதில் ஆப்ஷன், கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட் என்று படித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு சின்ன சிக்கல்: தமிழில் எழுதினால் டி என்பது எந்த டி என்று தெரியாது. இந்தக் கட்டுரையில் ஆல்ட்+டி என்று வந்தால் அது டிரெண்ட் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. டே என்பதன் முதல் எழுத்து வரும் இடத்தில் அப்படியே விரித்துச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் கை எங்கே இருக்க வேண்டும்

வலது கை மவுஸில், இடது கை கீபோர்டில். இடது கட்டைவிரல் இடப்பக்க ஆல்ட் மேல், சுண்டுவிரல் ஷிஃப்ட், கன்ட்ரோல் பக்கம். இப்படி வைத்தால் ஆட்காட்டி விரலுக்கு டி, எஃப், வி, சி எல்லாம் எட்டும். ஹெச்சுக்குக் கொஞ்சம் நீட்ட வேண்டும், ஜேவுக்கு இன்னும் கொஞ்சம். வலப்பக்க ஆல்ட்டைப் பயன்படுத்தாதீர்கள். சில கீபோர்டு லேஅவுட்களில் அது ஆல்ட்ஜிஆர் என்ற வேறு கீ, கன்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்து அழுத்தியதாகவே சிஸ்டம் எடுத்துக்கொள்ளும். இடது கைக்காரர்கள் மவுஸை இடது கையில் வைத்திருந்தால் இந்த வசதி அப்படியே தலைகீழாகிவிடும், அவர்களுக்கு இதில் பாதிப் பலன்தான்.

ஷார்ட்கட் அழுத்துகிறீர்கள், ஒன்றும் நடக்கவில்லை. பெரும்பாலும் காரணம் ஒன்றே: கடைசியாக நீங்கள் கிளிக் செய்த இடம் சார்ட் இல்லை, பக்கத்து வாட்ச்லிஸ்ட்டோ ஏதாவது எழுத்துப் பெட்டியோ. சார்ட்டின் வெற்றிடத்தில் ஒரு கிளிக் செய்துவிட்டு மறுபடி அழுத்துங்கள். இன்னொரு காரணம் நம்மைப் போன்றவர்களுக்கே வருவது: கீபோர்டு தமிழில் கிடக்கும். சிம்பல் (பங்கின் குறியீடு) தேட எழுத்தை அடித்தால் பெட்டியில் தமிழ் எழுத்து வந்து விழும்போதுதான் தெரியும். விண்டோஸில் ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் சேர்ந்து அழுத்தினால் கீபோர்டு மொழி மாறும்படி அமைப்பு இருக்கலாம். செவ்வகம் வரைய ஆல்ட்+ஷிஃப்ட்+ஆர் அழுத்தும்போது ஆர் சரியாகப் பதியாவிட்டால் செவ்வகமும் வராது, மொழியும் மாறியிருக்கும். அந்த மொழி மாற்றும் சேர்க்கையை அமைப்பில் அணைத்துவிட்டு விண்டோஸ் கீ+ஸ்பேஸை மட்டும் வைத்துக்கொள்வது நிம்மதி.

கோடுகள்

டிரேடிங்வியூவில் வரைவதற்கு முதலில் பழக வேண்டியவை நான்கு. ஆல்ட்+டி டிரெண்ட் லைன். ஆல்ட்+ஹெச் கிடைக்கோடு. ஆல்ட்+ஜே கிடைக்கோடுதான், ஆனால் நீங்கள் கிளிக் செய்த புள்ளியிலிருந்து வலப்பக்கம் மட்டும் போகும், ரே என்பார்கள். ஆல்ட்+எஃப் ஃபிபோனாச்சி ரிட்ரேஸ்மென்ட், அதாவது ஏறிய விலை எத்தனை சதவீதம் திரும்ப இறங்கியது என்று காட்டும் கோடுகள். இவற்றோடு ஆல்ட்+வி செங்குத்துக் கோடு, ஆல்ட்+சி இரண்டும் சேர்ந்த குறுக்குக் கோடு. குறுக்குக் கோட்டை நான் வருடத்துக்கு ஒருமுறைகூடத் தொடுவதில்லை.

ஹெச்சா ஜேவா என்பதுதான் பலரும் யோசிக்காத விஷயம். முழுக் கிடைக்கோடு சார்ட்டின் ஆரம்பம் வரை இடப்பக்கமும் நீளும். அப்படிப் பத்துக் கோடு போட்டால் சார்ட் கோடு போட்ட நோட்டாகிவிடும், எந்தக் கோடு எந்த ஸ்விங்கிலிருந்து (விலை திரும்பிய இடம்) வந்தது என்று பிறகு பார்த்தால் உங்களுக்கே தெரியாது. ரே அப்படி இல்லை, அது தொடங்கும் இடமே அது எந்த கேண்டிலைப் பார்த்துப் போட்டது என்று சொல்லிவிடும். சப்போர்ட், ரெசிஸ்டன்ஸுக்கு (விலை இறங்காமலும் ஏறாமலும் தடுபடும் மட்டங்கள்) விரல் வலித்தாலும் ஜேவையே பழகுங்கள். முழுக்கோடு எதற்கு என்றால், பழைய வரலாறு முழுவதும் இந்த விலையில் என்ன நடந்தது என்று இடப்பக்கம் நகர்த்திப் பார்க்க. பார்த்து முடித்ததும் அழித்துவிடலாம்.

கருவியை எடுத்த பிறகு வேண்டாம் என்று தோன்றினால் எஸ்கேப். அவசரத்தில் இன்னொரு இடத்தில் கிளிக் செய்து தப்பிக்கப் பார்த்தால் அங்கே ஒரு கோடு முளைக்கும். போட்ட கோட்டைக் கிளிக் செய்து டெலீட் அழுத்தினால் போய்விடும், தவறாக அழித்தால் கன்ட்ரோல்+இசட், அதையும் திரும்ப மாற்ற கன்ட்ரோல்+ஒய். இதெல்லாம் எல்லா மென்பொருளிலும் உள்ளதுதான்.

ஷிஃப்ட்டும் கன்ட்ரோலும் வரையும்போது செய்யும் வேலை

கருவியை எடுக்கும் ஷார்ட்கட்களை விட, வரைந்துகொண்டிருக்கும்போது அழுத்திப் பிடிக்கும் கீகள்தான் கையை மாற்றும் என்பேன். டிரெண்ட் லைனின் முதல் புள்ளியை வைத்துவிட்டு ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டால் கோடு 45 டிகிரி கணக்கில் மட்டுமே திரும்பும். அதாவது நேர் கிடையாகவோ, நேர் குத்தாகவோ, சரி சாய்வாகவோ. கிடையாகப் போட இது நல்லது. அந்த 45 டிகிரி சாய்வை மட்டும் நம்பாதீர்கள். அது திரையின் கோணம். சார்ட்டை மேலும் கீழும் கொஞ்சம் அழுத்தினாலோ, ஜூம் மாற்றினாலோ அதே கோடு 30 டிகிரியாகவும் 60 டிகிரியாகவும் தெரியும். கான் என்பவரின் சார்ட் முறையைப் பின்பற்றுபவர்கள் சொல்லும் 45 டிகிரி என்பது இத்தனை கேண்டிலுக்கு இத்தனை விலை என்ற விகிதம், கண்ணுக்குத் தெரியும் சாய்வு அதற்குச் சம்பந்தமே இல்லை.

ஏற்கெனவே வரைந்த கோட்டை ஷிஃப்ட்டோடு இழுத்தால் கிடையாகவோ குத்தாகவோ மட்டும்தான் நகரும். கன்ட்ரோலோடு இழுத்தால் அந்தக் கோட்டின் நகல் ஒன்று கையோடு வரும். இதை வைத்துச் சேனல் போடுவது எனக்குப் பிடித்த வேலை: கீழே இரண்டு லோக்களைச் சேர்த்து ஒரு டிரெண்ட் லைன், அதைக் கன்ட்ரோலோடு இழுத்து மேலே உள்ள ஹையில் கொண்டுபோய் வைத்தால் சாய்வு மாறாத இணைகோடு கிடைத்துவிடும். பேரலல் சேனல் என்று தனிக் கருவி இருக்கிறது, உண்மைதான், ஆனால் அதைத் தேடிப் போக வேண்டும்.

இனி மேக்னட். இதை இயக்கி வைத்தால் நீங்கள் கிளிக் செய்யும் புள்ளி பக்கத்திலிருக்கும் கேண்டிலின் ஓபன், ஹை, லோ, குளோஸ் (தொடக்க, உச்ச, தாழ்ந்த, முடிவு விலைகள்) ஆகிய நான்கில் ஒன்றில் தானாக ஒட்டிக்கொள்ளும். லோவில் சரியாகக் கோடு வைக்க அருமையான வசதி. ஆனால் விக்கை (கேண்டிலின் மெல்லிய முனையை) விட்டுவிட்டு, நடுவில் எங்கோ ஒரு இடத்தில் கோடு வேண்டும் என்றால் அது விடாது. அங்கேதான் கன்ட்ரோல்: அதைப் பிடித்திருக்கும் வரை மேக்னட்டின் நிலை மாறியிருக்கும், ஓடிக்கொண்டிருந்தால் அணையும், அணைந்திருந்தால் ஓடும். அதனால் நான் மேக்னட்டை எப்போதும் அணைத்தே வைத்திருப்பேன், தேவைப்படும் கிளிக்குக்கு மட்டும் கன்ட்ரோல்.

ஷிஃப்ட்டுக்கு இன்னொரு வேலை உண்டு, இது தெரியாமலேயே பல வருடம் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். எந்தக் கருவியும் எடுக்காமல் சார்ட்டில் ஷிஃப்ட்+கிளிக் செய்து மவுஸை நகர்த்துங்கள். அளவுகோல் வரும்: விலை எவ்வளவு மாறியது, அது எத்தனை சதவீதம், எத்தனை கேண்டில், எவ்வளவு நேரம். இன்னொரு கிளிக்கில் நிற்கும், அடுத்த கிளிக்கில் மறையும். ஸ்டாப்லாஸ் (நஷ்டத்தை நிறுத்தும் விலை) தூரத்தையும் டார்கெட் (லாபத்தோடு வெளியேறும் விலை) தூரத்தையும் இப்படி இரண்டு முறை அளந்து பார்த்தால் வேண்டாத டிரேடு பாதி அங்கேயே நின்றுவிடும்.

ஃபிபோனாச்சியை எந்தப் பக்கத்திலிருந்து இழுப்பது

ஆல்ட்+எஃப் அழுத்திவிட்டு முதல் கிளிக் எங்கே என்று குழம்புபவர்கள் அதிகம். ஏற்றத்தின் ரிட்ரேஸ்மென்ட் வேண்டுமென்றால் லோவில் முதல் கிளிக், ஹையில் இரண்டாவது. டிரேடிங்வியூவின் இயல்பான அமைப்பில் 1 என்ற அளவு முதல் கிளிக்கிலும் 0 இரண்டாவது கிளிக்கிலும் விழும், அதனால் இறக்கம் மேலிருந்து கணக்காகும். 200-இலிருந்து 300-க்கு ஏறிய விலை என்று வையுங்கள்: 38.2 சதவீத மட்டம் 261.8, 50 சதவீதம் 250, 61.8 சதவீதம் 238.2. இதே ஏற்றத்தை மாற்றி ஹையிலிருந்து லோவுக்கு இழுத்தால் 238.2 இருக்க வேண்டிய இடத்தில் 38.2 சதவீதம் என்று எழுதியிருக்கும். கோடுகள் கிட்டத்தட்ட அதே இடங்களில் நிற்பதால் தவறு கண்ணுக்குப் படாது, அதுதான் ஆபத்து. இந்த 50 என்பது ஃபிபோனாச்சி எண்வரிசையிலிருந்து வந்த விகிதம் இல்லை என்பதும் தெரிந்திருக்கட்டும். பாதி என்பதால் மக்கள் பார்க்கிறார்கள், அதனால் கருவியில் இருக்கிறது.

கோட்டின் பொருளையே மாற்றும் ஒரு கீ

ஆல்ட்+எல் அழுத்தினால் விலை அச்சு லாக் அளவுக்கு, அதாவது சம சதவீத மாற்றம் சம உயரமாகத் தெரியும் அளவுக்கு, மாறும். இதை வெறும் பார்வை மாற்றம் என்று நினைத்துத்தான் எல்லோரும் தொடுகிறார்கள், ஆனால் டிரெண்ட் லைன் போட்டிருக்கும் சார்ட்டில் அது அப்படி இல்லை. கோட்டின் இரண்டு முனைகள் மட்டும்தான் விலையோடு கட்டப்பட்டவை, நடுவில் இருப்பது திரையில் போகும் நேர்கோடு. 100-இல் ஒரு முனை, 400-இல் ஒரு முனை என்றால், சாதாரண அளவில் அந்தக் கோட்டின் சரிபாதி நேரத்தில் அது 250-ஐக் காட்டும். லாக் அளவில் அதே இடத்தில் 200. அந்த நாளில் விலை 230-இல் இருந்திருந்தால், ஒரு திரையில் கோடு உடைந்துவிட்டது, இன்னொரு திரையில் விலை கோட்டுக்கு மேலே நிம்மதியாக நிற்கிறது. இரண்டு பேர் ஒரே சார்ட்டில் பிரேக்அவுட் வந்ததா இல்லையா என்று சண்டை போடுவதற்கு இது ஒரு காரணம். சில நாள் சார்ட்டில் வித்தியாசம் தெரியாது, பல வருட வீக்லி சார்ட்டில் நன்றாகவே தெரியும். எந்த அளவில் கோடு போட்டீர்களோ அதே அளவில்தான் அதைப் படிக்க வேண்டும்.

பக்கத்திலேயே ஆல்ட்+பி இருக்கிறது, பெர்சென்ட் அளவுக்கு. ஆல்ட்+ஐ சார்ட்டைத் தலைகீழாகக் கவிழ்க்கும். தெரியாமல் இது அழுந்திவிட்டால் ஏறுகிற விலை இறங்குவது போலத் தெரியும், பதறாமல் வலப்பக்க எண்களைப் பாருங்கள், பெரிய எண் கீழே இருந்தால் கவிழ்ந்திருக்கிறது, மறுபடி அதையே அழுத்துங்கள். சிலர் வேண்டுமென்றே கவிழ்த்துப் பார்ப்பார்கள். வாங்கலாம் என்று ஆசைப்பட்ட சார்ட் கவிழ்த்த பிறகு விற்கலாம் போல் தெரியவில்லை என்றால், ஆசைதான் கோட்டைப் போட்டிருக்கிறது. ஆல்ட்+ஆர் சார்ட்டின் பார்வையை மட்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரும். ரீசெட் என்ற பெயரைப் பார்த்து வரைந்ததெல்லாம் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம், கோடுகள் அப்படியே இருக்கும்.

டைம்ஃப்ரேம், சிம்பல்

சார்ட்டில் நின்றுகொண்டு எண்ணை அடித்தால் டைம்ஃப்ரேம் (ஒரு கேண்டிலின் கால அளவு) பெட்டி, எழுத்தை அடித்தால் சிம்பல் தேடும் பெட்டி. வெறும் எண் என்றால் நிமிடம்: 15, என்டர், 60, என்டர், நான்கு மணி நேரத்துக்கு 240. டெய்லி வேண்டுமென்றால் 1 அடித்துப் பின்னால் டே என்பதன் முதல் எழுத்து. அந்த 1-ஐ விட்டுவிட்டு எழுத்தை மட்டும் அடித்தால் அது சிம்பல் தேடப் போய்விடும். எண்ணால் தொடங்கும் சிம்பல்கள்தான் தொல்லை: டோக்கியோ சந்தையில் டொயோட்டாவின் குறியீடு 7203, அதை நேராக அடித்தால் டைம்ஃப்ரேம் என்று எடுத்துக்கொள்ளும், மேலே இருக்கும் சிம்பல் பெயரைக் கிளிக் செய்துதான் தேட வேண்டும். சாய்வுக்கோடு (/) கீ இண்டிகேட்டர் (விலையிலிருந்து கணக்கிட்டுக் காட்டும் கருவி) பட்டியலைத் திறக்கும். இடது, வலது அம்புகள் சார்ட்டை ஒவ்வொரு கேண்டிலாக நகர்த்தும், கன்ட்ரோல்+மேல் அம்பும் கீழ் அம்பும் ஜூம். ஏதாவது கோட்டைத் தேர்ந்திருந்தால் அம்புக் கீகள் சார்ட்டை விட்டுவிட்டு அந்தக் கோட்டைத்தான் நகர்த்தும், இதைக் கவனிக்காமல் கோட்டை இரண்டு மூன்று கேண்டில் தள்ளிவிட்டவர்கள் நிறைய.

மறைப்பது, அழிப்பது

ஷார்ட்கட் கைக்கு வந்ததும் வரும் வியாதி, கோடு அதிகமாகிப்போவது. போடுவது சுலபமாகிவிட்டதல்லவா, பார்க்கும் லோவுக்கெல்லாம் ஒரு கோடு. கன்ட்ரோல்+ஆல்ட்+ஹெச் அழுத்தினால் எல்லாக் கோடுகளும் மறையும், மறுபடி அழுத்தினால் வரும். வெற்றுச் சார்ட்டைப் பத்து நொடி பார்த்துவிட்டுக் கோடுகளைத் திரும்பக் கொண்டுவந்தால் எது தேவையில்லாதது என்று உடனே தெரியும். ஒரு எச்சரிக்கை, சொந்த அனுபவம்: ஒருநாள் மறைத்துவிட்டு மறந்துபோய், கோடெல்லாம் அழிந்துவிட்டது என்று நினைத்து முக்கியமானவற்றை மெனக்கெட்டு மறுபடி வரைந்தேன். இரண்டு நாள் கழித்துக் கை தவறி அதே கீகளை அழுத்தியபோது பழையதும் புதியதும் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து நின்றன, ஒரே சப்போர்ட்டுக்கு அரை ரூபாய் வித்தியாசத்தில் இரண்டு கோடு. எது சரி என்று இன்றுவரை தெரியாது. கோடு காணோம் என்றால் முதலில் இடப்பக்கப் பட்டையின் கண் சின்னத்தைப் பாருங்கள்.

5 நிமிடச் சார்ட்டில் போட்ட கோடு டெய்லியிலும் வந்து நிற்கும், இயல்பு அப்படித்தான். அந்தக் கோட்டின் செட்டிங்ஸில் விசிபிலிட்டி பகுதியில் எந்தெந்த டைம்ஃப்ரேமில் தெரிய வேண்டும் என்று குறிக்கலாம். இதற்கு ஷார்ட்கட் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், ஒரு கோட்டுக்கு ஒருமுறை அமைத்துவிட்டு அதையே கன்ட்ரோல்+சி, கன்ட்ரோல்+வி என்று நகலெடுத்தால் அமைப்பும் சேர்ந்தே வரும். ஷார்ட்கட் இல்லாத கருவிகளுக்கு, பட்டியலில் பெயருக்குப் பக்கத்திலிருக்கும் நட்சத்திரத்தை அழுத்துங்கள், சார்ட்டின் மேல் மிதக்கும் சின்னப் பட்டையில் வந்து உட்காரும். அதில் ஐந்தாறுக்கு மேல் வைத்தால் மறுபடி தேடும் வேலைதான்.

கோடு போட்டது போதும், அதைக் காவல் காக்க உட்கார்ந்திருக்காதீர்கள். ஆல்ட்+ஏ அழுத்தினால் அலர்ட் பெட்டி திறக்கும், நிபந்தனையில் அந்தக் கோட்டையே தேர்ந்து வைக்கலாம். சார்ட்டைப் படமாக எடுத்து வைக்க கன்ட்ரோல்+ஆல்ட்+எஸ். கன்ட்ரோல்+எஸ் லேஅவுட்டைச் சேமிக்கும்.

பழகும் விதம்

எல்லாவற்றையும் ஒரே நாளில் மனப்பாடம் செய்யப் பார்த்தால் ஒன்றும் நிற்காது. சந்தை ஓடும் நேரத்தில் பழகவும் வேண்டாம், கை தடுமாறும்போது பணமும் சேர்ந்து தடுமாறும். ரீபிளே என்று ஒரு வசதி இருக்கிறது, பழைய தேதிக்குப் போய் அங்கிருந்து ஒவ்வொரு கேண்டிலாக ஓட்டிப் பார்க்கலாம். ஷிஃப்ட்+வலது அம்பு ஒரு கேண்டில் முன்னே, ஷிஃப்ட்+கீழ் அம்பு ஓட்டவும் நிறுத்தவும். அதில் ஒரு வாரம் ஆல்ட்+ஜே, எஸ்கேப், டெலீட், ஷிஃப்ட்+கிளிக் அளவுகோல், இந்த நான்கை மட்டும் வைத்து ஓட்டுங்கள். கருவிப்பட்டைக்கு மவுஸ் போனால் அந்தக் கோட்டை அழித்துவிட்டு ஷார்ட்கட்டில் மறுபடி போட வேண்டும் என்று உங்களுக்கு நீங்களே ஒரு தண்டனை வைத்துக்கொள்ளுங்கள், சிரிப்பாக இருந்தாலும் வேலை செய்கிறது. அடுத்த வாரம் ஆல்ட்+டி, கன்ட்ரோல் இழுப்பு. ஃபிபோனாச்சியெல்லாம் அதற்கப்புறம்.

மெட்டாடிரேடருக்குப் போகும்போது

2005-இல் வந்த மெட்டாடிரேடர் 4-ஐ இன்னும் விடாதவர்கள் இருக்கிறார்கள். அதில் கன்ட்ரோல்+எஃப், அல்லது மவுஸ் சக்கரத்தை அழுத்தினால் கிராஸ்ஹேர் (மவுஸோடு நகரும் குறுக்குக்கோடு). அப்படியே பிடித்து இழுத்தால் கேண்டில் எண்ணிக்கையும் பாயின்ட் தூரமும் காட்டும். கோட்டை இரட்டைக் கிளிக் செய்து தேர்ந்துகொண்டு கன்ட்ரோலோடு இழுத்தால் இங்கேயும் நகல் வரும். கன்ட்ரோல்+ஜி கட்டங்களை மறைக்கும், கூட்டல் கழித்தல் கீகள் ஜூம், எஃப்12 ஒவ்வொரு கேண்டிலாக நகர்த்தும். சார்ட்டில் இருக்கும் கோடுகளின் பட்டியல் வேண்டுமென்றால் கன்ட்ரோல், கூடவே புக் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. இண்டிகேட்டருக்கும் ஸ்கிரிப்ட்டுக்கும் நேவிகேட்டரில் வலது கிளிக் செய்து நீங்களே ஹாட்கீ வைக்கலாம்.

இரண்டு இடத்தில் உஷாராக இருங்கள். பேக்ஸ்பேஸ் அழுத்தினால் கடைசியாக வரைந்த கோடு போய்விடும், தொடர்ந்து அழுத்தினால் அதற்கு முந்தையது, அதற்கு முந்தையது என்று வரிசையாகப் போகும். உடனே கவனித்தால் கன்ட்ரோல்+இசட் காப்பாற்றும். இரண்டாவது, டிரேடிங்வியூவில் டிரெண்ட் லைன் எடுத்துப் பழகிய ஆல்ட்+டி இங்கே வாங்க, விற்க என்று பட்டன் உள்ள ஒன்-கிளிக் டிரேடிங் பெட்டியைச் சார்ட்டின் மூலையில் கொண்டுவந்து வைக்கும். கோடு போடுகிற நினைப்பில் அடுத்த கிளிக்கை அந்த மூலையில் செய்தால், கேள்வி எதுவும் கேட்காமல் ஆர்டர் போகும். இரண்டையும் பக்கத்துப் பக்கத்து ஜன்னலில் வைத்து வேலை செய்பவர் என்றால் அந்த ஒன்-கிளிக் வசதியைச் செட்டிங்ஸில் அணைத்துவிட்டுக் கோடு போட உட்காருங்கள்.